கதவைத் திறந்தவர் கடமை

'இடைநிற்றல்' என்பது கல்வித்துறை வழியாகத் தமிழில் நிலைபெற்றுவிட்ட ஒரு சொல். பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்ந்து, படிப்பு முடியுமுன் விட்டுவிட்டவரை இடைநின்றவர் என்கிறோம். இந்நிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில், கூட்டத்திலிருந்து நழுவி விழுந்தவர் என்னும் சாயல் உண்டு. தமிழ்ச் சொல்லோ அவர் விழுந்ததாகச் சொல்லவில்லை, நின்றதாகவே சொல்கிறது. எங்கே நிற்கிறார்? வழியின் நடுவே. புறப்பட்ட ஊர் பின்னால் மறைந்துவிட்டது. சேரவேண்டிய ஊர் முன்னால் தெரிகிறது. கால் ஓய்ந்து நின்றாரா, வழி மறிக்கப்பட்டு நின்றாரா என்பதை மட்டும் அச்சொல் நமக்கு உரைப்பதில்லை. அதனை ஆராய்வதே நம் நோக்கம்.

தாயகம் விட்டு வந்து வடபுலத்தில் வேர்கொண்ட நம் போன்ற குடும்பங்களுக்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. பள்ளியிறுதிச் சான்றிதழோடும், தட்டச்சு, சுருக்கெழுத்துத் தேர்ச்சியோடும் தில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இரயிலேறிய தலைமுறையினர், பகலில் அலுவலகமும் மாலையில் கல்லூரியுமாக அலைந்து பட்டம் பெற்ற வரலாறுகள் நம் இல்லங்களில் பெருமையோடு சொல்லப்படுகின்றன. முடித்தவர் வரலாறு மட்டுமே சொல்லப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அதன்பின் வேறு பல பல்கலைக்கழகங்களும் அவ்வழியில் வந்தன. அஞ்சலில் வந்த பாடக்கட்டுகள் பிரிக்கப்படாமலே பரணேறிய வீடுகளும் நம்மிடையே உண்டு. அவற்றைப் பற்றி நாம் பேசுவதில்லை.

இப்பொருளைப் பற்றி மிக வெளிப்படையாகவும் நீண்டகாலமாகவும் பேசி வரும் நாடு அமெரிக்கா. கல்லூரிக் கதவை அங்கு மிக அகலமாகத் திறந்து வைத்தவை சமுதாயக் கல்லூரிகள். நம் நாடும் அப்பெயரையும் அக்கருத்தின் ஒரு பகுதியையும் பின்னாளில் ஏற்றுக்கொண்டது. ஆகவே முதலில் அங்கே சென்று பார்த்துவிட்டுப் பிறகு இங்கே திரும்புவது தகும்.

1901ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளி ஒன்றன் தலைவராக இருந்த ஸ்டான்லி பிரவுனும் சிக்காகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து, பள்ளிப் படிப்புக்கு மேல் இரண்டாண்டுக் கல்லூரிக் கல்வியை அவ்வூரிலேயே தர ஏற்பாடு செய்தனர். முதல் வகுப்பில் இருந்தவர் அறுவர். அரசு நடத்தும் அவ்வகைக் கல்லூரிகளுள் இன்றுவரை தொடர்ந்து நடப்பனவற்றில் அதுவே மூத்தது. 1947இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த குழு, இத்தகைய கல்லூரிகள் ஊர்தோறும் வேண்டும் என்றது. 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயரும் அதன்பின்னரே பரவலாயிற்று. இன்று அவை ஏறத்தாழ ஆயிரம். மதிப்பெண் கேட்டு எவரையும் தடுப்பதில்லை. கட்டணம் குறைவு. இரண்டாண்டுப் படிப்பை முடித்தால் அசோசியேட் பட்டம். விரும்பினால் அதைக் கொண்டு நான்காண்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர்ந்து இளநிலைப் பட்டமும் பெறலாம்.

நம் உறவினர் சிலர் இதனை, வேறெங்கும் இடம் கிடைக்காதவர் போகும் கல்லூரி என்று தாழ்வாகப் பேசக் கேட்டிருக்கிறோம். அங்கே அமர்ந்திருப்பவர் யார் என்று அறிந்தால் அப்படிப் பேசமாட்டார்கள். மூவரில் இருவர் பகுதிநேர மாணவர். குழந்தையை உறங்கவைத்துவிட்டுப் பாடம் படிக்கும் தாயும், கடையில் நின்று வேலை பார்த்துவிட்டு மாலை வகுப்புக்கு ஓடிவரும் இளைஞனும், புதிதாகக் குடியேறி மொழி பழகும் நடுவயதினரும் அங்கு ஒரே பலகையில் இருக்கிறார்கள். அந்நாட்டின் இளநிலை மாணவரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இக்கல்லூரிகளைச் சேர்ந்தவர்களே.

ஆனால் கதவு அகலமாகத் திறந்திருந்தும் மறுபக்கம் வெளியேறுவோர் தொகை மனத்தை வருத்துவது. சேர்பவரில் பத்துக்கு எட்டுப் பேர் இளநிலைப் பட்டம் வரை செல்லும் எண்ணத்தோடு வருகின்றனர். ஆறு ஆண்டுகளுக்குள் அதை அடைபவர் ஆறு பேரில் ஒருவர் அளவினரே. ஏதேனும் ஒரு சான்றிதழையோ பட்டத்தையோ ஆறு ஆண்டுகளில் பெறுபவரைச் சேர்த்தெண்ணினாலும் பாதியைத் தொடவில்லை. இதில் கணக்கெடுக்கும் முறையின் குறையும் உண்டு. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கல்லூரிகள் வெளியிட்டு வந்த தேர்ச்சி விகிதம், முதன்முறையாகச் சேர்ந்த முழுநேர மாணவரை மட்டுமே நெடுங்காலம் கணக்கில் கொண்டது. பெரும்பான்மையரான பகுதிநேர மாணவர் தேறினாலும் கணக்கில் இல்லை, தேறாவிட்டாலும் இல்லை. ஒருவர் வந்ததையும் போனதையும் எண்ணிப் பார்க்காத நிறுவனம் அவர் ஏன் போனார் என்று எப்போது கேட்கப்போகிறது? அண்மை ஆண்டுகளில் அவர்களுக்கும் தனிக் கணக்கு வந்துவிட்டது என்பது ஓரளவு ஆறுதல்.

இனி அறவினாவுக்கு வருவோம். படிப்பை விட்டவரைப் பார்த்து உலகம் உடனே சொல்வது, அவருக்கு ஊக்கம் போதவில்லை என்பதே. நாமும் அதைத்தான் சொல்கிறோம். நம் பிள்ளைகளிடம் சொல்லும்போது வள்ளுவரையும் துணைக்கு அழைக்கிறோம். அழைப்பதில் தவறில்லை. ஆனால் எந்த இடத்திலிருந்து அழைக்கிறோம் என்று பார்த்தோமா? ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை ஆகிய நான்கு அதிகாரங்களும் 60 முதல் 63 வரை அடுத்தடுத்து நிற்கின்றன. பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையில் அவை அமைந்திருக்கும் இடம் பொருட்பாலின் அரசியல் என்னும் பகுதி. அஃதாவது, தளராத முயற்சி முதற்கண் கேட்கப்படுவது ஆள்வோனிடம். பின்னரே அது மற்றையோர்க்கும் பொருந்தும் பொது அறமாக விரிகிறது. நாமோ வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். கட்டணம் கட்ட இயலாத சிறுவனிடம் விடாமுயற்சியை எதிர்பார்க்கிறோம். அவனைச் சேர்த்துக்கொண்ட நிறுவனம் தன் முயற்சியைச் சேர்க்கை நாளோடு முடித்துக்கொண்டாலும் கேள்வி கேட்பதில்லை.

இதைவிட நுட்பமான தீங்கு ஒன்று உண்டு. 1960இல் பர்ட்டன் கிளார்க் என்னும் சமூகவியலறிஞர், கலிபோர்னியாவின் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில் அதற்குத் 'தணிவித்தல்' என்னும் பொருள்படும் பெயரிட்டார். அச்சொல்லை அவர் எர்விங் கோஃப்மன் 1952இல் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்துக்கொண்டார். கோஃப்மன் பேசியது மோசடிக்காரர்களைப் பற்றி! சூதாட்டத்தில் ஒருவரை ஏமாற்றிப் பணம் பறித்தபின், அவர் காவலரிடம் ஓடாதபடி கூட்டத்தில் ஒருவன் பின்தங்கி நின்று, 'போனது போகட்டும் ஐயா' என்று ஆறுதல் சொல்லித் தணிப்பானாம். கல்லூரியில் நடப்பதும் அதுபோன்றதே என்றார் கிளார்க். பெரிய பட்டத்தை நாடி வந்தவரைக் கல்லூரி முகத்தில் அடித்தாற்போல் மறுப்பதில்லை. நுழைவுச் சோதனை, ஆலோசகரின் பேச்சு, 'முன்னேற்றம் தேவை' என்னும் அறிவிப்பு, பிறகு தகுதிகாண் நிலை என்று படிப்படியாக அவர் ஆசையைத் தாழ்த்தி, சிறிய படிப்பு ஒன்றை அவரே விரும்பி ஏற்கும்படி செய்துவிடுகிறது. எல்லாரையும் மேலே வரச்சொல்லி அழைக்கும் சமுதாயம், மேலே இடம் குறைவாக இருக்கும்போது இப்படித்தான் தன் முரண்பாட்டை மறைத்துக்கொள்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

இங்கே குற்றவாளி ஒருவரும் இல்லை என்பதுதான் இடர். ஆலோசகர் நல்லவர். அவர் சொல்வது பல வேளைகளில் மெய்யாகவும் இருக்கும். எல்லாரும் பொறியாளராக முடியாது. ஆனால் ஒருவருடைய திறமையின் எல்லையை அவருக்கு எடுத்துரைப்பது வேறு. அவருக்குக் கிடைத்த உதவியின் எல்லையை அவர் திறமையின் எல்லையாக நம்பவைப்பது வேறு. முன்னது அறிவுரை. பின்னது, எவ்வளவு இனிமையாகச் சொல்லப்பட்டாலும், பொய்.

கணிதத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பள்ளிக் கணிதத்தில் வலுவற்றவராக வருபவரைக் கல்லூரிக் கணிதத்துக்கு முன் இரண்டு அல்லது மூன்று அடிப்படை வகுப்புகளில் அமர்த்துவது அங்கு நெடுநாளைய வழக்கம். நோக்கம் நல்லதே. ஆயினும் ஒவ்வொரு படியிலும் பத்தில் ஏழு பேர் தேறி அடுத்த படிக்குச் செல்வதாக வைத்துக்கொள்வோம்; அது நல்ல வகுப்பு என்றே ஆசிரியர் மகிழ்வார். மூன்றாம் படி முடிவில் எஞ்சுபவர் நூற்றுக்கு முப்பத்து நால்வர். ஒருவரும் கடுமையாக நடத்தப்படவில்லை, எந்த வகுப்பும் மோசமாக இல்லை, ஆனால் மூன்றில் இரண்டு பங்கினர் காணாமற் போயினர். அப்படிகளுக்கு அவர்கள் கட்டணமும் செலுத்தினர். பட்டத்துக்கோ அவை கணக்கில் வாரா. தக்க காரணமின்றி ஒருவரையும் அவ்வகுப்புகளில் அமர்த்தலாகாது என்று கலிபோர்னியா 2017இல் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

மாணவர் விலகுவதை விளக்கும் கொள்கைகளுள் பெயர்பெற்றது வின்சென்ட் டிண்ட்டோ 1975இல் வெளியிட்டது. தற்கொலையைப் பற்றிய துர்க்கைமின் ஆராய்ச்சியைத் தழுவி, கல்லூரி வாழ்வோடும் கல்வியோடும் ஒன்றிப்போகாதவர் விலகுகிறார் என்றார் அவர். பழைய சமூகத்தைப் பிரிந்து புதிய சமூகத்தில் கலப்பது என்னும் கருத்தும் பின்னர் அதில் இடம்பெற்றது. பகல் முழுதும் உழைத்துவிட்டு இரண்டு மணி நேரம் மட்டும் வந்துபோகும் மாணவருக்கு இது எவ்வாறு பொருந்தும் என்றும், தம் இனத்தாரை விட்டு வந்தால்தான் கற்க முடியுமா என்றும் பின்வந்தோர் வினவினர். இரண்டாம் வினாவுக்கு விடை கூற நாம் தகுதியுடையோம். பிறந்த மண்ணை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்தும், மொழியையும் உறவையும் விடாமல் சங்கம் அமைத்து, அதன் நிழலிலேயே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் நாம்.

சரி, ஊக்கமின்மைதான் காரணமா என்பதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா? உண்டு; நியூயார்க் நகரில் சோதித்தே பார்த்துவிட்டார்கள். அந்நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சமுதாயக் கல்லூரிகளில் 2007இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அதில் சேர்பவர் முழுநேரம் படிக்க வேண்டும். அடிப்படை வகுப்புகளைத் தள்ளிப்போடாமல் முதலிலேயே முடிக்க வேண்டும். ஆலோசகரைத் தவறாமல் சந்திக்க வேண்டும். பதிலுக்குக் கல்லூரி செய்வன: உதவித்தொகை போகக் கட்டணத்தில் எஞ்சும் பகுதியைத் தள்ளுபடி செய்தல், பாடநூல் கொடுத்தல், திங்கள்தோறும் நகரப் பேருந்துக்கும் சுரங்க இரயிலுக்கும் பயணச்சீட்டு அட்டை வழங்குதல். மற்ற மாணவருக்கு ஆலோசகர் ஒருவரின் பொறுப்பில் பல நூற்றுவர் இருக்க, இவர்களுக்கு அறுபது முதல் எண்பது பேருக்கு ஒருவர்.

இதன் பயனை அளந்த முறை நம் வினாவுக்கு நேரான விடை தருவது. விருப்பமும் தகுதியும் உடைய, வருமானம் குறைந்த ஏறத்தாழ 900 மாணவரைத் திருவுளச்சீட்டுப் போலப் பிரித்து, ஒரு சாராரைத் திட்டத்தில் சேர்த்தனர்; மறு சாராரை வழக்கமான முறையில் படிக்க விட்டனர். மூன்றாண்டு முடிவில் வழக்கமான முறையில் பட்டம் பெற்றவர் நூற்றுக்கு 22 பேர். திட்டத்தில் சேர்ந்தவர்களில் 40 பேர். பிற்பாடு ஒஹையோ மாநிலத்தின் மூன்று கல்லூரிகளில் இதே முறையைப் பின்பற்றியபோதும் ஏறத்தாழ அதே அளவு ஏற்றம் காணப்பட்டது. இரு சாராரும் ஒரே ஊரார், ஒரே வறுமையர், மன உறுதியில் ஒருவருக்கொருவர் குறைந்தவர் என்று சொல்ல வழியில்லாதபடி சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டவர். அப்படியானால் அந்தப் பதினெட்டுப் பேருக்கு இல்லாதிருந்தது ஊக்கமா? பேருந்துச் சீட்டா?

செலவு மிகுமே என்பர் சிலர். ஆண்டுதோறும் ஒரு மாணவருக்காகும் செலவு மிகுந்தது உண்மை. ஆனால் பெறப்பட்ட பட்டங்களின் தொகையால் வகுத்துப் பார்த்தபோது ஒரு பட்டத்துக்கான செலவு குறைந்தே இருந்தது. பாதியில் விடப்படும் படிப்புக்கும் விலை உண்டு. அதை எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் எழுதுவதில்லை.

இந்தச் செய்தியைப் படித்தபோது நமக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை. காமராசர் நினைவுக்கு வந்தார். 1950களில் அவர் ஆட்சியில் சிற்றூர்கள்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டன. பள்ளியைத் திறந்துவிட்டோம், பிள்ளைகள் வராதது பெற்றோர் குறை என்று அவ்வரசு இருந்துவிடவில்லை. பசித்த வயிறு பலகையில் அமராது என்று கண்டு மதிய உணவு வழங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. சோறு போட்டுப் படிக்கவைப்பது கல்வியின் மதிப்பைக் குறைக்கும் என்று அன்று முணுமுணுத்தவர் இருந்தனர். நியூயார்க் மாணவிக்குக் கொடுக்கப்பட்ட பயண அட்டையும் நம் ஊர்ச் சிறுவன் தட்டில் விழுந்த சோறும் ஒரே அறத்தின் இரு வடிவங்கள்: வா என்று அழைத்தவர், வந்து சேரவும் தங்கியிருக்கவும் ஆவன செய்தாக வேண்டும்.

ஆயினும் ஒரு தடை எழும். அதனைப் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. எல்லாப் பொறுப்பையும் நிறுவனத்தின் தலையில் ஏற்றினால் மாணவர் வெறும் பொம்மையாகிவிடமாட்டாரா? நியூயார்க் திட்டம் கொடுத்தது மட்டுமன்று, கேட்டதும் உண்டு என்பதே இதற்கு விடை. துணை கிடைத்த நூற்றுவரிலும் அறுபதின்மர் மூன்றாண்டில் முடிக்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது. அவர்களுள் சிலர் பின்னர் முடித்திருப்பர். சிலர் நல்ல வேலை கிடைத்துச் சென்றிருப்பர். தந்தை நோயுற்றபோது படிப்பை விட்டுவிட்டு வீட்டுப் பொறுப்பை ஏற்ற மூத்த மகனை நாம் எல்லாரும் அறிவோம். நம் குடும்பங்களில் அவர் இல்லாத வீடு அரிது. தம்பி தங்கையரின் பட்டங்களில் அவர் விட்ட பட்டமும் அடங்கியிருக்கிறது. அவரை இடைநின்றவர் என்று ஒரு பட்டியலில் சேர்ப்பது கணக்குக்குச் சரி, நியாயத்துக்குச் சரியன்று. ஆகவே விலகுதல் எல்லாமே இழப்பு என்று நாம் சொல்லவரவில்லை. தாமே எண்ணித் துணிந்து விலகியவரையும், வேறு வழியின்றி விலகியவரையும் ஒரே சொல்லால் அழைக்கிறோமே என்பதுதான் நம் கவலை.

விலகியவர் திரும்ப வரும் வழி எப்படி இருக்கிறது? அமெரிக்காவில் கல்லூரியில் சேர்ந்து பட்டமின்றி நின்றவர் தொகை ஏறத்தாழ நான்கு கோடி. அவர்களில் பலருக்கு வழியை அடைப்பது ஒரு சிறு கடன். நூலகத் தண்டமோ, கட்டணப் பாக்கியோ நிலுவையில் இருந்தால் அவர் முன்பு தேறிய பாடங்களின் மதிப்பெண் பட்டியலைக் கல்லூரி கொடுக்க மறுத்துவிடும். அது இல்லாமல் வேறு கல்லூரியும் சேர்த்துக்கொள்ளாது. வீட்டை அடமானமாகக் கொள்வதுண்டு, நகையைக் கொள்வதுண்டு. ஒருவர் கற்ற கல்வியை அடமானமாகப் பிடித்து வைப்பதை நம் முன்னோர் கேட்டால் நகைத்திருப்பர். கலிபோர்னியா 2020 முதல் இதற்குத் தடை விதித்தது. டெட்ராய்ட் நகரின் வெயின் அரசுப் பல்கலைக்கழகம் 2018இல் இன்னொரு வழி கண்டது: 1,500 டாலர் வரை கடனுள்ள பழைய மாணவர் திரும்பி வந்து படித்தால், பருவம்தோறும் மூன்றில் ஒரு பங்காகக் கடன் கழிக்கப்படும்.

நம் நாட்டுக்கு வருவோம். 1995இல் புதுச்சேரியில் தொடங்கி, பின்னர்த் தமிழகத்திலும் சமுதாயக் கல்லூரிகள் பல தோன்றின. பள்ளியை விட்டவருக்கும் வறியவருக்கும் தொழிற்பயிற்சி அளிப்பதே அவற்றின் முதன்மை நோக்கம். அமெரிக்கக் கல்லூரிகளைப் போலப் பல்கலைக்கழகத்துக்கு ஏணி வைத்தவை அல்ல. பல்கலைக்கழக மானியக் குழு 2013இல் தனித்திட்டம் வகுத்து அவற்றைக் கல்லூரிகளுக்குள் கொண்டுவந்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை மேலும் ஒருபடி சென்று, ஓராண்டு படித்து நின்றவருக்குச் சான்றிதழ், இரண்டாண்டுக்குப் பட்டயம், மூன்றாண்டுக்குப் பட்டம் என வகுத்தது. வெறுங்கையோடு போனவர் இனி ஏதோ ஒரு தாளோடு போவார் என்பதில் கனிவு இருக்கிறது. கிளார்க் கண்ட தணிவித்தலும் அதே தாளுக்குள் ஒளிந்திருக்கக்கூடும். முதலாண்டு முடிவில் வாசலை நோக்கி நடக்கும் ஏழை மாணவியைத் தடுத்து, 'என்ன இடர், அம்மா?' என்று கேட்க வேண்டிய ஆசிரியர், சான்றிதழை நீட்டி வாழ்த்தி அனுப்பிவிடலாம் அல்லவா?

அவள் திரும்பி வரலாம் என்று விதி சொல்கிறது. தேறிய பாடங்களின் மதிப்பைச் சேமித்து வைக்க 2021இல் ஒரு வங்கியும் ஏற்படுத்தப்பட்டது. அதில் வைத்த இருப்பு செல்லுபடியாகும் காலம், பொதுவாக, மிகுதிப்படியாக ஏழு ஆண்டு. பத்தொன்பது வயதில் படிப்பை நிறுத்தி மணமுடித்துக் கணவரோடு தில்லிக்கோ புனேவுக்கோ வரும் நம் பெண் ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். புது ஊர், புது மொழி, இரண்டு குழந்தைகள். இளைய பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு அவள் நிமிர்ந்து பார்க்கும்போது வயது இருபத்தெட்டோ முப்பதோ ஆகியிருக்கும். ஏழு என்று எழுதியவர்கள் எந்த வீட்டைப் பார்த்து அந்தக் கணக்கைப் போட்டார்கள்?